அனீலிங் என்றால் உருக்குவது இல்லை

பெங்களூரு பீன்யாவில் பேக்கேஜிங் பிலிம் ஓட்டும் கம்பெனிகளில் நம் ஆட்கள் உண்டு. அவர்களுக்கென்று தமிழில் எழுதிய பயிற்சிக் குறிப்பு எதைத் திறந்தாலும், பிலிமைச் சூட்டில் வைத்து ஆறவிடும் அனீலிங்குக்கு (annealing) ‘உருக்கி ஆற்றல்’ என்றே போட்டிருக்கிறது. ஆபரேட்டர் அதை நம்பி சூட்டைக் கூட்டினால் பிலிம் அறுந்து ஒழுகும்.

அனீலிங் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘எரி, தீமூட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. இன்றைய பொருள், உருகுநிலைக்குக் கீழே சூட்டில் வைத்திருந்து ஆறவிடுவது. அந்தக் ‘கீழே’தான் விஷயமே. பிலிமாக ஓட்டும் பாலியெஸ்டரை உருக்கிக் குளிர் உருளையில் சட்டென்று ஆற்றினால், மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் தாறுமாறாக நின்றுவிடும், தாள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். சுமார் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சங்கிலிகள் அசையும், 130 பக்கம் போனால் மளமளவென்று மடிந்து அடுக்கடுக்காகிப் படிகமாகும், இழுத்து நீட்டாத தாள் என்றால் வெளுத்தே போகும். இன்னும் சூடேற்றினால் நானோமீட்டர் கணக்கில் இருக்கும் படிகத் தகடுகள் தடிக்கும். இழுத்த பிலிமை 200க்கு மேல் விறைப்பாகப் பிடித்து ஓட்டுவது இதற்குத்தான், பிறகு சூடு பட்டாலும் அவ்வளவாகச் சுருங்காது. 260ஐத் தொட்டால் உருகி, கட்டிய படிகம் அத்தனையும் போச்சு. இதில் உருக்கல் எங்கே வந்தது?

அப்புறம் ‘மென்மையாக்கல்’ கட்சி. பித்தளைக்குச் சரி, அடித்து இறுகியது இளகும். பிலிமோ படிகம் கூடக் கூட விறைக்கும். விளைவை வைத்துப் பெயர் வைத்தால் ஒரே சொல் ஒரு பட்டறையில் மெய், அடுத்த பட்டறையில் பொய். ‘பதப்படுத்தல்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தோல், மீன், மாம்பழக்கூழ் எல்லாம் ஏற்கெனவே அதில் குடியிருக்கின்றன.

என் ஓட்டு ‘காய்ச்சி ஆறவிடுதல்’. காய்ச்சினால் பால்தான் நினைவுக்கு வரும் என்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு என்கிறோமே, அது உருகியா போகிறது? ஆறவிடுதல் என்று நீட்டுவதும் வேண்டுமென்றேதான். ‘ஆற்றல்’ என்று முடித்தால் சக்தி என்று படித்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒரு தடவை ஷாப் ஃப்ளோரை, அதாவது மெஷின் ஓடும் இடத்தை, எட்டிப் பார்த்தால் பாதி வம்பு தீரும். ‘நெகிழித் திரைப்படங்களின் படிக அமைப்பு’ என்றுகூட ஒரு குறிப்பில் பார்த்தேன், டைரக்டர் யாரோ! பிலிம் என்றே எழுதுங்கள். காய்ச்ச மனமில்லையா, அனீலிங் என்றே விடுங்கள், பீன்யாவில் புரியும்.