மூட மூன்று பேர், திறக்க ஒரே ஆள்

"நாக்கை நீட்டுங்க சார்" என்றார் டாக்டர். நீட்டினேன். நுனியை ஒரு துணியால் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டு, பென்சிலைவிடச் சற்று நீளமான உலோகக் குழாயை வாய்க்குள் விட்டார். "இப்ப ஈ சொல்லுங்க."

நாக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு 'ஈ' சொல்வது எவ்வளவு சிரமம் என்று மந்தைவெளியில் அந்த கிளினிக்கில்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் என்றாலே 'ஆ' காட்டிப் பழகிய வாய். ஆனால் 'ஆ' என்றால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் போய் வழியை அடைத்துவிடும். 'ஈ' என்றால் முன்னால் வந்து வழிவிடும், பின்னால் இருக்கும் குரல்வளை கேமராவுக்குத் தெரியும்.

போன காரணம் அக்கா மகள் கல்யாணம். மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறிய இரண்டு நாளும் சொந்தக்காரர்களோடு கத்திக் கத்திப் பேசியதில் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. மூன்று வாரமாகியும் குரல் தெளியவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் உள்ளே எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது காது மூக்குத் தொண்டை டாக்டர்களின் பொது விதி.

திரையில் பார்த்தேன். ஈரமான இளஞ்சிவப்புச் சதைக்கு நடுவே, உண்டிவில்லின் கவட்டை மாதிரி விரிந்த இரண்டு வெள்ளைப் பட்டைகள். மூச்சை இழுத்தால் விலகின, 'ஈ' என்றதும் சட்டென்று நெருங்கின. இவைதான் குரல் நாண்கள். நாண் என்று சொன்னாலும் வீணைத் தந்திபோல அந்தரத்தில் கட்டியவை அல்ல, பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சதை மடிப்புகள். ஆண்களுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை. நான் இத்தனை வருடம் போட்ட சண்டையெல்லாம் இந்த இரண்டு சென்டிமீட்டரில் நடந்தது என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

தமிழில் மிடறு என்றால் தொண்டை. வாய்ப்பாட்டுக்கு மிடற்றுப் பாடல் என்று பெயர். ஒரு மடக்குத் தண்ணீரும் ஒரு மிடறுதான். விழுங்குவதற்கும் பாடுவதற்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். குரல்வளை முதலில் ஒரு கதவு. குரல் அதற்குப் பின்னால் வந்த உபரி வருமானம். நுரையீரலால் மூச்சு விடும் நுரையீரல் மீனுக்குக்கூட, தண்ணீர் உள்ளே போகாமல் மூச்சு வழியை இறுக்க ஒரு தசை வளையம் உண்டு. நாம் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் குரல்வளை முழுவதும் மேலே ஏறி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. மேலே இருக்கும் மூடி கவிழ்கிறது, நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. இதில் கொஞ்சம் முன்பின் ஆனால் புரையேறும். உடனே யாரோ உச்சந்தலையில் தட்டி "உன்னை யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். நினைத்தவர் யாராக இருந்தாலும், காப்பாற்றுவது இருமல்தான்: நாண்களை இறுக மூடி, உள்ளே காற்றை அழுத்தி, படாரென்று திறந்துவிடுவது.

மிளகுப் பாலின் கதையும் இதிலேயே முடிந்துவிடுகிறது. விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. தொட்டால் அதுதான் புரையேறுதல். மிளகுப் பால் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், நாணுக்கு நேராகப் போவது மூச்சோடு போகும் ஆவி மட்டுமே.

சரி, கதவை இயக்குவது யார்?

கழுத்தின் முன்பக்கம் விரலை வையுங்கள். முட்டிக்கொண்டிருக்கும் சங்கு தட்டுப்படும். அது கேடயம் போன்ற குருத்தெலும்பின் முனை, தைராய்டு என்ற கிரேக்கப் பெயருக்கு அர்த்தமே கேடய வடிவம் என்பதுதான். விரலைக் கீழே இறக்கினால் சின்னப் பள்ளம், அதற்கும் கீழே கெட்டியாக ஒரு வளையம். அது கிரிக்காய்டு, அதாவது மோதிரம். முத்திரை மோதிரம் போல முன்னால் மெலிந்து பின்னால் அகன்றது. அந்த அகன்ற பின்பக்கத்தின் உச்சியில் பிரமிடு மாதிரி இரண்டு குட்டிக் குருத்தெலும்புகள் உட்கார்ந்திருக்கின்றன, அரிட்டினாய்டு என்று பெயர். நாண்களின் முன்முனை கேடயத்தின் உட்புறம் கட்டியது, அசையாது. பின்முனைகள் இந்தக் குட்டிகளில் கட்டியவை. குட்டிகள் திரும்பினால் நாண்கள் விலகும் அல்லது சேரும்.

தசைகளின் பெயர்கள் பயமுறுத்தும், ஆனால் எக்ஸ்பிரஸ் ரயில் பெயர் போலத்தான், எங்கிருந்து எங்கே என்பது மட்டும். மோதிரத்தின் முதுகிலிருந்து குட்டிகளுக்குப் போகும் தசை, பின்புற கிரிக்கோஅரிட்டினாய்டு. இது சுருங்கினால் குட்டிகள் வெளிப்பக்கம் சுழன்று கதவு திறக்கும். உடம்பில் இந்தக் கதவைத் திறக்கும் தசை இது ஒன்றுதான், வலம் இடமாக ஒரு ஜோடி. நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் ஒவ்வொரு மூச்சுக்கும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

மூடுவதற்கோ மூன்று பேர். மோதிரத்தின் பக்கவாட்டிலிருந்து வரும் ஒன்று குட்டிகளை உள்பக்கம் சுழற்றும். இரண்டு குட்டிகளுக்கும் நடுவே குறுக்காக ஓடும் ஒன்று அவற்றை ஒட்ட இழுக்கும். மற்றதெல்லாம் ஜோடியாக இருக்க, இது மட்டும் ஒற்றை. மூன்றாவது, நாணுக்குள்ளேயே படுத்திருக்கும் தைரோஅரிட்டினாய்டு. அது சுருங்கினால் நாண் குட்டையாகித் தடிக்கும். ரகசியம் பேசும்போது கவனித்தால், முதலாமவர் வேலை செய்வார், நடுவில் இருப்பவர் சும்மா இருப்பார். பின்னால் ஒரு இடைவெளி விட்டுப்போய், காற்று அதன் வழியே உஸ் என்று கசியும்.

மிச்சம் இருப்பது கிரிக்கோதைராய்டு. வெளியில் இருந்தபடியே நாணை இழுப்பவர். 'ச'வில் ஆரம்பித்து மேல் 'ச' வரை பாடிக்கொண்டே சங்குக்குக் கீழே அந்தப் பள்ளத்தில் விரலை வையுங்கள். மேலே போகப் போகப் பள்ளம் குறுகுவது தெரியலாம். முன்னால் இடைவெளி குறைய, மோதிரம் சாய்ந்து அதன் பின்பக்கம் பின்னோக்கிப் போகிறது, நாண் நீண்டு இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. நாணுக்குள் இருக்கும் தசை தளர்ந்து, இவர் மட்டும் இழுத்துப் பிடித்தால் வருவதுதான் பாடகர்கள் கள்ளக்குரல் என்று சொல்லும் மெல்லிய குரல். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அசைக்கும்போது 'ஆகா' என்று தலையாட்டுகிறோமே, அங்கே ஓடுவது இந்த இரண்டு தசைகளின் இழுபறி.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. நாண்களை அதிர வைப்பது இந்தத் தசைகள் அல்ல.

பெண் பாடகர்கள் பலரும் பிடிக்கும் 5 கட்டைச் சுருதியில், நடு ஸ்தாயி 'ச' என்றால் நாண்கள் வினாடிக்குச் சுமார் 196 தடவை மோதுகின்றன. மேல் 'ச'வுக்கு 392. மனித உடம்பின் எந்தத் தசையும் நரம்பின் உத்தரவுக்கு உத்தரவு அந்த வேகத்தில் சுருங்கி விரிய முடியாது. அப்படித்தான் நடக்கிறது என்று 1950இல் பிரான்சில் ரவுல் ஹூசோன் ஒரு கொள்கையையே முன்வைத்தார். அது நிற்கவில்லை. 1958இல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் தந்த விளக்கம்தான் இன்றைக்கும் அடிப்படை.

அதற்கு நாகஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்தால் போதும். அக்கா மகள் கல்யாணத்தில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் வாத்தியத்தின் வாயருகே நூலில் தொங்கிய உபரிச் சீவாளிகளை நிறைய நேரம் பார்த்தேன். நாணல் தட்டையில் செய்த இரண்டு இதழ்கள், நடுவே கோடு மாதிரி இடைவெளி. வித்வான் அதை எச்சிலில் ஊறவைத்து, உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஊதுகிறார். அவர் உதடு வினாடிக்கு நூற்றுக்கணக்கில் அடித்துக்கொள்வதில்லை, பிடித்துக் கொடுப்பதோடு சரி. படபடப்பது காற்றால். குரல்வளையிலும் கீழேயிருந்து வரும் காற்று மூடிய நாண்களைத் தள்ளித் திறக்கிறது. இடுக்கில் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, நாண்களின் சொந்த நெகிழ்வும் சேர்ந்து இழுக்க, திரும்ப ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி தள்ளல். தசைகள் செய்வது உதட்டின் வேலை: எவ்வளவு நெருக்கம், எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தடிமன். சீவாளி காய்ந்தால் சத்தம் வராது. நாண் காய்ந்தாலும் அதே கதி.

கல்யாண மண்டபத்தில் நான் செய்தது, நெருக்கத்தை அளவுக்கு மேல் கொடுத்து, நாண்களை இரண்டு நாள் மோத விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துவோம் என்பதை 1911இல் பாரிஸ் டாக்டர் எத்தியேன் லோம்பார் எழுதிவைத்தார். ரங்கநாதன் தெருவில் நின்று கூவி விற்பவர்களும் கூட்டம் நிறைந்த பஸ்ஸில் கண்டக்டரும் தினமும் அந்த விளைவுக்குள்தான் பிழைக்கிறார்கள்.

"ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துடுங்க" என்றார் டாக்டர். தொண்டைக்கு எதற்கு நெஞ்சு எக்ஸ்ரே என்று கேட்க வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. அவரே சொன்னார்.

கிரிக்கோதைராய்டு தவிர மற்ற எல்லாத் தசைகளுக்கும் உத்தரவு கொண்டுவரும் நரம்பு, மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. அதைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இடது பக்கத்தில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, திரும்பக் கழுத்துக்கு ஏறுகிறது. வலது பக்கத்தில் இன்னும் மேலேயே ஒரு ரத்தக் குழாயைச் சுற்றித் திரும்பிவிடும். மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குத் தாம்பரம் போய் வருவது மாதிரி. கருவில் இதயம் கழுத்தருகே உருவாகிக் கீழே இறங்கும்போது, அதன் குழாயில் மாட்டிய நரம்பையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வண்டலூரில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம்: அதற்கும் இதே சுற்றுத்தான், நரம்பு பல மீட்டர் நீளம். அதனால் நெஞ்சில் ஒரு கட்டியோ ரத்தக் குழாய் வீக்கமோ அந்த நரம்பை அழுத்தினால், முதல் அறிகுறி கம்மிய குரலாக இருக்கலாம்.

இந்த நரம்பின் மகிமையை இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமில் கேலன் காட்டியிருக்கிறார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் இரு பக்க நரம்பையும் தடுத்ததும் கத்தல் நின்றது. தைராய்டு சுரப்பி இந்த நரம்பின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், அறுவை சிகிச்சையில் சர்ஜன்கள் அதிகம் கவலைப்படுவதும் இதற்காகத்தான். ஒரு பக்கம் செயலிழந்தால் ஒரு நாண் நடுவே வந்து ஒட்டாது. குரல் காற்றாகப் போகும், தண்ணீர் குடித்தால் புரையேறும். இரண்டு பக்கமும் போனால் வேறு பிரச்சினை. திறக்க இருந்த ஒரே ஆளும் இல்லை. நாண்கள் நடுவுக்கு அருகிலேயே நின்றுவிடும். குரல் ஓரளவு நன்றாகவே இருக்கும், மூச்சுத்தான் வராது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். கிரிக்கோதைராய்டுக்கு நரம்பு தனி. அது மட்டும் பாதிக்கப்பட்டவர் சாதாரணமாகப் பேசுவார்; மேல் ஸ்தாயியைத் தொடப் போனால்தான் குறை தெரியும்.

கழுத்தில் பட்ட காயம் குரலை என்ன செய்யும் என்பது நம் ஊருக்குத் தெரிந்த கதை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்ட தோட்டா எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. பிழைத்தார், பழைய குரல் திரும்பவில்லை. அந்தக் குரலோடுதான் நடித்தார், 1977இல் முதலமைச்சரானார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் குறையைவிடச் சுற்றியிருப்பவர்கள் செய்யும் கேடு அதிகம். பதின்ம வயதில் பையன்களுக்குக் குரல்வளை வளர்ந்து, நாண் நீண்டு, குரல் உடையும். சிலருக்கு எல்லாம் வளர்ந்தும் குரல் மட்டும் மேலேயே நிற்கும். பெண் குரல் என்று வகுப்பில் கேலி, கல்யாணப் பேச்சில் முணுமுணுப்பு. பெரும்பாலும் அங்கே உறுப்பில் குறை எதுவும் இருக்காது. குரல்வளையை உயரத் தூக்கி, கிரிக்கோதைராய்டை இறுக்கிப் பேசும் பழைய பழக்கம் விடாமல் இருக்கும், அவ்வளவுதான். டாக்டர் சங்கை மெல்லக் கீழே அழுத்திப் பேசச் சொன்னால், அந்தப் பையனே திடுக்கிடும்படி கனத்த குரல் வெளியே வரும். அப்புறம் பேச்சுப் பயிற்சியிலேயே பெரும்பாலோர் சரியாகிவிடுகிறார்கள். பயிற்சிக்குப் போகும் தைரியத்தைக் கேலி செய்தே தின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

எனக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இரண்டு நாணிலும் வீக்கம். ஒரு வாரம் மௌனம் என்றார், ரகசியமாகக்கூடப் பேசக் கூடாது, தொண்டையைக் கனைக்கவும் கூடாது. கனைப்பதும் நாண்களை அறைவதுதான். ஆவி பிடிக்கச் சொன்னார். அந்த ஒரு வாரம் டீக்கடையில் விரலைக் காட்டி டீ வாங்கினேன். வீட்டில் என்னோடு யாரும் சண்டை போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

மறுபடி போனபோது கழுத்தில் ஒரு சின்ன மைக்கை ஒட்டினார். நாணின் வேகத்தை அது பிடித்துக்கொள்ள, அதைவிட மிகச் சிறிதே பிந்தி விளக்கு மின்னி மின்னி எரிகிறது. அந்த வெளிச்சத்தில் வினாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மோதல் ஏதோ தண்ணீருக்கடியில் நடப்பது போல மெதுவாகத் தெரியும். 1854இல் பாரிஸில் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் ஒரு பல் டாக்டர் கண்ணாடியும் கைக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, வெயிலைத் தொண்டைக்குள் திருப்பி, தன் குரல் நாணைத் தானே பார்த்தார். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. நாக்கை நீட்டினேன், 'ஈ' என்றேன். திரையில் நாண்கள் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒட்டின, அடி விளிம்பில் எழுந்த ஓர் ஈர அலை மேல்நோக்கிப் புரண்டு வெளிப்பக்கமாக ஓடியது, மறுபடி ஒட்டின. எவ்வளவு அழகு சார் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு அவர் கையில் இருந்தது.