படகுக்குள் ஓர் அமைதியான ஜெனரேட்டர்: சத்தம் எங்கே போகிறது?

படகில் நிரந்தரமாகப் பொருத்தப்படும் ஜெனரேட்டர்களில் ‘சத்தம் குறைந்தது’ என்று விற்கப்படும் வகை, அதே திறனுள்ள சாதாரண வகையைவிடக் கணிசமாக விலை கூடியது. அந்தக் கூடுதல் தொகைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, அது தகுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எந்தச் சத்தம் அவருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். டீசல் ஜெனரேட்டரின் சத்தம் ஒரே வழியாக வெளிவருவதில்லை. இன்ஜினின் உடலிலிருந்து காற்று வழியாக ஒரு பகுதி நேரே வருகிறது. புகை வெளியேறும் குழாய் வழியாக இன்னொரு பகுதி வருகிறது. மூன்றாவது பகுதி, இன்ஜினைத் தாங்கும் கால்கள் வழியாக அதிர்வாகப் படகின் உடலுக்குள் இறங்கி, தளம், சுவர், படுக்கைப் பலகை என்று அகன்ற பரப்புகளையெல்லாம் அதிரவைத்து அவற்றிலிருந்து மீண்டும் ஒலியாகப் புறப்படுகிறது. முதலிரண்டை அடக்குவது இன்று எளிது. மூன்றாவதுதான் கடினம், விற்பனைக் கையேட்டில் பெரும்பாலும் பேசப்படாததும் அதுதான்.

முதலில் வேகம். மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணும், இன்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் பகுதியான ஆல்டர்னேட்டரின் காந்தத் துருவ எண்ணிக்கையும் சேர்ந்து இன்ஜினின் சுழல்வேகத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டுமானால் இரு துருவ இயந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றும், நான்கு துருவ இயந்திரம் 1500 சுற்றும் சுற்றியாக வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு இவை முறையே 3600, 1800. மெதுவாகச் சுற்றும் இன்ஜின் குறைவாக இரையும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆகவே பாதி வேகத்தில் அதே திறனைப் பெறுவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு கொள்ளளவுள்ள இன்ஜின் தேவைப்படும். எடையாகவும் இடமாகவும் கட்ட வேண்டிய முதல் தவணை இது.

அடுத்தது, இயந்திரத்தைச் சுற்றி வரும் பெட்டி. ஒரு சுவர் ஒலியைத் தடுப்பது அதன் பருமனால் அல்ல, நிறையால்: சதுர மீட்டருக்கான நிறையை இரட்டிப்பாக்கினால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அதிர்வெண் இரட்டித்தாலும் அதே 6 டெசிபல் கூடும். பெட்டியின் உட்புறம் ஒட்டப்படும் பஞ்சு போன்ற நுரை ஒலியைத் தடுப்பதில்லை. உள்ளே எதிரொலித்துப் பெருகும் உயர் அதிர்வெண் ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவே. நுரையை வாங்கி ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை படகுக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. இயற்பியலில் அதற்கு ஆதாரம் இல்லை. 37.5 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 9 மீட்டர். சில சென்டிமீட்டர் நுரை இருப்பதே அதற்குத் தெரியாது. இடைவெளிகளும் முக்கியம்: பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், சுவர் எத்தனை கனமானதாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆனால் இன்ஜினில் எரிபொருள் எரிவதற்குக் காற்று உள்ளே வர வேண்டும், வெப்பம் வெளியே போக வேண்டும். அதனால்தான் நல்ல மூடிய ஜெனரேட்டர்களில் ஆல்டர்னேட்டரைக்கூட விசிறிக்குப் பதிலாகத் தண்ணீரால் குளிர்விக்கிறார்கள்.

புகைக்குழாயில் கடல்நீரே சைலன்சராகிறது. இன்ஜினைக் குளிர்வித்து முடித்த கடல்நீரைச் சூடான புகைக்குள் பீய்ச்சுகிறார்கள். சுமார் 450 டிகிரி செல்சியஸில் வந்த வாயு 50 டிகிரிக்கு இறங்கும்போது அதன் கன அளவு பாதிக்கும் கீழே சுருங்கி, வேகமும் அழுத்தத் துடிப்பும் தணிகின்றன. பிறகு ஒரு பிரிப்பான் நீரை நீர்மட்டத்துக்குக் கீழேயும் வாயுவை மேலேயும் தனித்தனியே வெளியேற்றினால், படகின் பக்கத்திலிருந்து விட்டுவிட்டுக் கேட்கும் நீர்த்தெறிப்புச் சத்தமும் போய்விடும். இந்த அமைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. கடல்நீர் புகையோடு சேரும் இடம் கடல்மட்டத்துக்குக் கீழேயோ அருகிலோ இருந்தால், கடல்நீர்க் குழாயை மேலே ஏற்றி உச்சியில் காற்றை உள்ளே விடும் வால்வு ஒன்றை வைத்தாக வேண்டும். இல்லையெனில் இன்ஜின் நின்ற பிறகும் கடல்நீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வந்து இன்ஜினின் உருளைகளை (சிலிண்டர்களை) நிரப்பிவிடும். ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான், ஏனெனில் பம்ப் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதை வெளியே ஊதித்தள்ளப் புகை இருக்காது.

இனி அதிர்வுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே அதுதான். நான்கு வீச்சு இன்ஜினில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆகவே மூன்று உருளை இன்ஜின் 1500 சுற்று வேகத்தில் ஒரு வினாடிக்கு 37.5 முறை தன் தாங்கிகளை உதைக்கிறது. சீரான இடைவெளியில் வெடிக்கும் இரட்டை உருளை இன்ஜின் 25 முறை, ஒற்றை உருளை 12.5 முறை. இந்த உதையைப் படகின் உடலுக்குப் போகவிடாமல் செய்ய இன்ஜினை ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைக்கிறோம். ரப்பர் அதிர்வை விழுங்கிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது செய்வது வேறு: இன்ஜின் என்ற கனமான பொருளைத் தாங்கும் ஸ்பிரிங்காக இருந்து, அந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் தாளத்தை, தருகிறது. ஊஞ்சலை அதன் தாளத்தோடு ஒத்துத் தள்ளினால் வீச்சு வளர்ந்துகொண்டே போகும். அதைவிட மிக வேகமாக முன்னும் பின்னும் தள்ளினால், ஒவ்வொரு தள்ளலுக்கும் அசைந்து கொடுப்பதற்குள் எதிர்த்தள்ளல் வந்துவிடுவதால் ஊஞ்சல் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். ஸ்பிரிங் மேல் அமர்ந்த இன்ஜினும் அப்படியே. இன்ஜின் அசைவது குறைந்தால் ஸ்பிரிங் சுருங்குவதும் குறையும். ஸ்பிரிங் வழியாகத் தரைக்குப் போகும் விசையும் குறையும். உதையை உண்மையில் ஏற்றுக்கொள்வது இன்ஜினின் சொந்த நிலைமம். ரப்பரின் வேலை, போதிய அளவு மெத்தென்று இருந்து அந்த நிலைமத்துக்கு வழிவிடுவதே.

இதில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது: உதையின் அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப்போல் வர்க்கமூலம் 2 மடங்கை, அதாவது 1.41 மடங்கைத் தாண்டினால்தான் தாங்கி பயன் தரும். அதற்குக் கீழே இருந்தால், தாங்கியே இல்லாமல் இறுக்கி முடுக்கியிருப்பதைவிட நிலைமை மோசமாகும். இயல்பு அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். இன்ஜினை இறக்கி வைத்ததும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்து, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் ஏறத்தாழச் சரியான விடை ஹெர்ட்ஸில் கிடைத்துவிடும். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் சுமார் 8 ஹெர்ட்ஸ். அந்தத் தாங்கியின் மேல் 25 ஹெர்ட்ஸ் உதை விழுந்தால் அதில் 11 சதவீதமே படகுக்குள் இறங்கும், 37.5 ஹெர்ட்ஸில் இது 5 சதவீதத்துக்கும் கீழே. ஒற்றை உருளையின் 12.5 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 70 சதவீதம் அப்படியே இறங்கிவிடுகிறது! ஒரே பெட்டி, ஒரே ரப்பர், உருளை எண்ணிக்கை மட்டுமே வேறு. இன்ஜினை நிறுத்தும்போது கடைசி நொடியில் அது உடலைக் குலுக்கிவிட்டு ஓய்வதற்குக் காரணமும் இதுதான். வேகம் இறங்கும் வழியில் உதை ஒருமுறை இயல்பு அதிர்வெண்ணைக் கடந்தே தீர வேண்டும்.

ரப்பரை இன்னும் மென்மையாக்கினால் என்ன என்று கேட்கலாம். நிலத்தில் செய்யலாம்; படகு அலையில் சாய்ந்து எழும்போது மென்மையான தாங்கியின் மேல் நிற்கும் இன்ஜின் பெரிதாக ஊசலாடிக் குழாய்களை இழுக்கும். அதனால் உயர்தர அமைப்புகளில் இரட்டைத் தாங்கி வைக்கிறார்கள்: இன்ஜின் ஒரு கனமான சட்டத்தின் மேல் ரப்பரில், அந்தச் சட்டம் படகின் மேல் இன்னொரு ரப்பரில். ஒற்றைத் தாங்கியில் அதிர்வெண் இரட்டிக்கும்போது கடத்தல் 12 டெசிபல் குறையும். இரட்டைத் தாங்கியில், அமைப்பின் இரு இயல்பு அதிர்வெண்களையும் தாண்டிய பிறகு, 24 டெசிபல் குறையும். நடுவே நிற்கும் சட்டத்தின் எடைதான் இதற்கு ஈடு. தாங்கிக்குக் கீழே உள்ள படகின் சட்டகமும் விறைப்பாக இருக்க வேண்டும். மெல்லிய கண்ணாடியிழைத் தளத்தின் நடுவில் பொருத்தினால் தளமே இன்னொரு ஸ்பிரிங்காகிக் கணக்கைக் குலைத்துவிடும். எரிபொருள் குழாயோ மின்கம்பியோ வளைவு விடாமல் ஓரிடத்தில் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தாலும் போதும், அதிர்வு அந்த வழியாகவே வந்துவிடும்.

இப்போது விற்பனைக் கையேட்டில் உள்ள டெசிபல் எண்ணைப் பாருங்கள். அது 1 மீட்டர் தொலைவில் அளக்கப்பட்டதா, 7 மீட்டர் தொலைவிலா? திறந்த வெளியில் இவ்விரண்டுக்கும் 17 டெசிபல் வேறுபாடு வரும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். சிறிய அறைக்குள் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்புவதால் தொலைவின் இந்தச் சலுகையும் கிடைக்காது. மேலும், வழக்கமாகத் தரப்படும் எண் காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்ட எண். அதில் 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 35 டெசிபல் தள்ளுபடி செய்யப்படுகிறது. மெல்லிய ஒலியைக் கேட்கும் காதுக்கு அந்தத் தள்ளுபடி நியாயமானதே. படுக்கைப் பலகை வழியாக உடம்பில் ஏறும் அதிர்வை அந்த எண் அளக்கவே இல்லை.

எண்ணும் அனுபவமும் வேறாகும் இந்தச் சிக்கல் ஆய்வுக் கப்பல்களிலும் தலைகாட்டியிருக்கிறது. மீன்களை விரட்டாமல் கணக்கெடுப்பதற்காக, ஆய்வுக் கப்பல்களின் நீரடி இரைச்சலுக்கு 1995-இல் ஒரு பன்னாட்டு வரையறை பரிந்துரைக்கப்பட்டது. அதை ஒட்டிக் கட்டப்பட்ட நார்வேயின் ‘ஜி. ஓ. சார்ஸ்’ கப்பலைப் பழைய பாணிக் கப்பலோடு ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வில், ஹெர்ரிங் மீன்கள் அமைதியான கப்பலிடமிருந்தே கூடுதலாக விலகி ஓடின. இத்தகைய சங்கடமான அளவீடுகளுக்குத்தான் பொதுப்பணம் தேவை என்பது என் கருத்து; பொருளை விற்பவர் இவற்றுக்குச் செலவிட மாட்டார்.

அமைதியின் மறைமுகச் செலவுகளில் முதலாவது பராமரிப்பு. நெருக்கமான பெட்டிக்குள் கடல்நீர் பம்பில் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரை எட்டுவது கடினமானால், அதை மாற்றுவது தள்ளிப்போடப்படும். பிறகு இன்ஜின் சூடேறி நிற்கும். அதைவிடத் தீவிரமானது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இவ்வாயு, ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைகிறது. ஓடும் படகின் பின்புறத்தில் உருவாகும் சுழல்காற்று, வெளியேறிய புகையை மீண்டும் அறைக்குள் இழுத்துவரக்கூடும். இரைச்சலான ஜெனரேட்டர் ஓடுவதை யாரும் மறக்க மாட்டார்கள். அமைதியானது ஓடுவதை மறந்துவிட்டு உறங்கிப்போகலாம். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இத்தகைய இயந்திரத்தை வாங்கவே கூடாது. பெட்ரோல் இன்ஜினில் இந்த அபாயம் டீசலைவிடப் பன்மடங்கு. கசியும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும் அபாயம் தனி.

பணத்தை வேறு வழியிலும் செலவிடலாம். நிலைக்காந்த ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றி இன்வெர்ட்டர் வழியே மீண்டும் மாறுமின்னாக்கினால், இன்ஜினின் வேகம் 50 ஹெர்ட்ஸின் பிடியிலிருந்து விடுபட்டுச் சுமைக்கேற்பக் கூடிக் குறையலாம். அப்படி வேகம் குறையும்போது உதையின் அதிர்வெண் இறங்கித் தாங்கியின் எல்லைக்கோட்டை நெருங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இன்னும் நேரடியான வழி. இரவில் குளிர்பெட்டி, விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்ந்து சராசரியாக 400 வாட் எடுக்கும் படகில் பத்து மணி நேரத்துக்கு 4 யூனிட் போதும். அதற்காக 5 கிலோவாட் ஜெனரேட்டரை இரவெல்லாம் ஓட்டினால் அது தன் திறனில் 8 சதவீதத்தில் முனகிக்கொண்டிருக்கும். எரியாத எரிபொருளும் கரியும் உருளையில் படிந்து இன்ஜினைக் கெடுக்கும். அதே இயந்திரம் பகலில் 80 சதவீதச் சுமையில் ஒன்றரை மணி நேரம் ஓடினால் 6 யூனிட் கொடுத்துவிடும்; மாற்றத்தில் வீணாவதைக் கழித்தாலும் இரவைத் தாண்டும். ஈய அமில பேட்டரியில் இந்தக் கணக்கு சரிவராது, ஏனெனில் கடைசி ஐந்தில் ஒரு பங்கை ஏற்றிக்கொள்ள அது மணிக்கணக்கில் நேரம் எடுக்கும்.

ஆகவே வாசகரின் படகில் இரவு முழுவதும் குளிரூட்டி ஓட வேண்டுமானால், பல உருளைகளும் நான்கு துருவங்களும் இரட்டைத் தாங்கியும் கொண்ட ஜெனரேட்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். அங்கே நடுத்தரப் பேட்டரி விடியுமுன் தீர்ந்துவிடும். குளிரூட்டி இல்லாத படகென்றால் அந்தக் கூடுதல் தொகையைப் பேட்டரிக்குத் திருப்பிவிட்டு, சாதாரண ஜெனரேட்டருக்குச் சரியான ரப்பர் தாங்கிகளும் நீர்ப்பிரிப்பானும் மட்டும் வாங்கிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.