ஒருவருக்குக் கொடுத்த தகவலை ஊருக்கும் வெளியிடுவது எப்போது?

திருகோணமலை மாவட்டத்துக் குச்சவெளியில் ஒருவர், தன் ஊர் வீதிக்கு ஒதுக்கிய காசு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார் என்று அரச அலுவலகத்திடம் கேட்டுப் பதில் வாங்கினால், அந்தக் கடிதம் அநேகமாக அவர் வீட்டு அலுமாரியோடு சரி. அடுத்த வருடம் அதே கேள்வியை இன்னொருவர் முதலிலிருந்து எழுத வேண்டும்.

இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள், தகவலைத் தருவதா இல்லையா என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். அது கேட்டவருக்கான பதில். எதை எல்லோருக்கும் வெளியிடுவது என்பது தனி முடிவு.

முதலில், அது யாரும் கேட்காமலே வெளியிட வேண்டிய தகவலா என்று பார்க்க வேண்டும். வரவு செலவு, கொள்வனவு, மானியம் போன்றவை அப்படிப்பட்டவை என்று 2017 இல் வந்த ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. வீதிக் கணக்கும் இதற்குள்தான் வரும். உண்மையில் அந்தக் குச்சவெளிக்காரர் கடிதமே எழுதியிருக்கத் தேவையில்லை.

சிக்கல் வருவது ஆட்களைப் பற்றிய தகவலில். மூதூரில் வீட்டுத்திட்டத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்த விதம் என்ன என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். தெரிவு விதிகளையும், கிராம அலுவலர் பிரிவு வாரியான எண்ணிக்கையையும் தாராளமாகப் போடலாம். அடையாள அட்டை இலக்கம், நோய் விவரம், குடும்ப நிலை போன்றவற்றை மறைக்க வேண்டும். சட்டத்தின் 5 ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஒரு பகுதியை மறைக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக முழுவதையும் பூட்டி வைக்க முடியாது. மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்க 6 ஆம் பிரிவு வழி விடுகிறது.

கேட்டவரின் பெயரும் விலாசமும் கட்டாயம் நீக்கப்பட வேண்டும். ஒப்பந்தகாரரும் கேள்வி கேட்டவரும் ஒரே தெருவில் இருக்கிற ஊர்கள் இவை.

இதற்குப் பிறகு, பலர் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு முன்னுரிமை கொடுப்பதுதான் புத்தி. அலுவலகத்துக்கும் வேலை மிச்சம். மொழியும் முக்கியம்: கிண்ணியா மக்களுக்கான விவரத்தைச் சிங்களத்தில் மட்டும் போட்டால் யார் வாசிப்பது?

நீங்களும் கோரிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம்: “இதே விடயத்தில் முன்னர் வழங்கிய பதில்களின் பிரதிகளையும் தரவும்.” காரணம் சொல்லத் தேவையில்லை. மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.