ரோபோ: இயந்திர மனிதனா, ஏவற்பொறியா?

கோலாலம்பூர், பினாங்குப் பேரங்காடி உணவகங்களில் தட்டுகளைச் சுமந்து வரும் சக்கர வண்டிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதன் திரையில் தெரிவதோ பூனை முகம். ஆயினும் நம் தமிழ்ச் செய்திகளில் அதற்குப் பெயர் ‘இயந்திர மனிதன்’. தொழிற்சாலையில் ஓரிடத்திலேயே நிலையாக நின்று வேலை செய்யும் ஒற்றைக் கைக்கும் அதே பெயர்தான். இச்சொல்லை இனியும் கேள்வியின்றி விட்டுவிடலாகாது.

‘ரோபோ’ செக் மொழியிலிருந்து வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் அது முதன்முதலாக இடம்பெற்றது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். ‘ரோபோட்டா’ என்பது பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலை; சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என வருவதற்கு நெருங்கிய பொருள். அந்நாடகத்தின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல, ஆலையில் உருவாக்கப்பட்ட உயிர்ப்பொருளாலானவை. முதல் உலகப் போர் முடிந்து, ஆலைகள் மனிதரையே இயந்திரத்தின் உறுப்புகளாக மாற்றிக்கொண்டிருந்த காலத்தின் அச்சம் அதில் பேசியது. அதே ஆண்டுகளில் நம் முன்னோர் இம்மலேசிய மண்ணின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில் நின்று, கங்காணி என்னும் மேற்பார்வையாளரின் சொற்படி பால்மரம் சீவினர். சஞ்சிக்கூலி எனும் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் தடை செய்யப்பட்ட பின்னும் கங்காணி வழி ஆளெடுப்பு 1938 வரை நீடித்தது. இச்சொல்லின் வேர்ப்பொருள் நமக்கு அந்நியமானதன்று.

‘இயந்திர மனிதன்’ அந்த உழைப்பை முற்றாகத் தூக்கி எறிந்துவிட்டு, மூலச்சொல்லில் இல்லாத உடலை நுழைக்கிறது. விளக்குக் கண்களும் தகர மார்பும் கொண்ட உருவங்கள் அறிபுனை எனும் அறிவியல் புனைகதைகளின் அட்டைப்படங்களை நிறைத்த ஒரு காலம் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து வைத்த பெயர் இது. ஆனால் அறிபுனை தன் காலத்தின் ஆசையையும் அச்சத்தையும் பொறுத்து உருவங்களை மாற்றிக்கொண்டே வருகிறது. அறிபுனை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942இல் ரோபோக்களுக்கு வகுத்த மூன்று விதிகளில் மனிதரின் ஏவலுக்குக் கீழ்ப்படிதல் ஒன்று. உருவத்துக்கு அங்கே விதியே இல்லை. 1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கார்த் தொழிற்சாலையில் சூடான உலோக வார்ப்புகளை எடுக்க அமர்த்தப்பட்ட யூனிமேட் என்ற ரோபோ, வெறும் கைதான். இன்றைய கதைகளோ உடலே இல்லாத செயற்கை அறிவை நோக்கிப் போய்விட்டன. கற்பனையும் கருவியும் இவ்வளவு தூரம் நகர்ந்த பின்னும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் பழைய அட்டைப்படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் உண்மையாகவே மனித உருவில் ஒன்று வரும்போது ‘மனித உருவ இயந்திர மனிதன்’ என்று எழுத நேர்கிறது. பெண் சாயலில் வந்தால் ‘பெண் இயந்திர மனிதன்’. பொருள் என்ன செய்கிறது என்று கேளாமல், முன்பு ஒருவர் எழுதியதைப் படியெடுப்பதன் விளைவு இது. இதனைப் படிக்கும் மாணவர் அப்படியே தேர்வுத்தாளிலும் எழுதுகிறார்.

மாற்றாக வழங்கும் ‘எந்திரன்’ சுருக்கமானது, ஆனால் ‘அன்’ விகுதி மீண்டும் ஆணாக்கிவிடுகிறது. எந்திரம் என்ற சொல்லோடு எனக்குப் பிணக்கில்லை. புறநானூற்றின் 322ஆம் பாட்டிலேயே கரும்பு பிழியும் எந்திரம் ஒலிக்கிறது. ‘தானியங்கி’ கதவுக்கும் பணப்பொறிக்கும் போய்விட்டது. பேச்சில் ‘ரோபோ’ இருக்கட்டும். எழுத்தில் ‘ஏவற்பொறி’ என்பதே என் தேர்வு. ஏவல் கட்டளையையும் குறிக்கும், அதற்குப் பணிந்து செய்யும் ஊழியத்தையும் குறிக்கும். பொறியோ சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் நின்றது, சீவக சிந்தாமணியில் மயில் வடிவில் பறந்தது. உருவம் இருந்தால் அதைத் தனியே சொல்வது நம் மரபு: பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க வந்தது யானை வடிவிலேயே செய்யப்பட்டதால்தான் எந்திர யானை. அவ்வாறே மனித வடிவ ஏவற்பொறி, பரிமாறும் ஏவற்பொறி, ஏவற்பொறிக் கை, துறைக்கு ஏவற்பொறியியல் என்று தடையின்றி விரியும்.

தானே கற்று, தானே முடிவெடுக்கும் கருவிகள் வரும்போது ஏவல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். சாப்பெக்கின் நாடகத்திலேயே ரோபோக்கள் ஏவலை மறுத்து எழுந்து மனித குலத்தை அழித்தன. அப்போதும் அவர் அவற்றின் பெயரை மாற்றவில்லை.