சுண்டுவிரல் மட்டும் எப்படித் தப்பியது?

மாசி பிறந்துவிட்டால் பாலக்கோடு பக்கம் எங்கள் சின்னம்மா வீட்டுத் திண்ணையில் புளி தட்டும் சத்தம்தான் கேட்கும். கீழே ஒரு கல், வலது கையில் சின்ன இரும்புத் தடி. இடது கை பழத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரு தட்டில் கொட்டை தெறிக்கும். நாரை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பழம். கிலோ கணக்கில் கூலி என்பதால் கை நிற்பதே இல்லை.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தார். "கட்டைவிரல்ல ஆரம்பிச்சு நடுவிரல் வரைக்கும் மதமதன்னு மரத்துப் போவுது. சுண்டுவிரல் மட்டும் நல்லாத்தான் இருக்குது" என்றார். ரத்த ஓட்டம் இல்லை என்றார் ஒருவர், வாயு என்றார் இன்னொருவர். வெந்நீர் வந்தது, தைலம் வந்தது. ரத்த ஓட்டம்தான் காரணம் என்றால் ஐந்து விரலும் அல்லவா மரத்திருக்க வேண்டும்?

சரி, ஒரு சின்னச் சோதனை. வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். உள்ளே சதை நெளிவது தெரியும். விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. தசை முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல் ஓடி விரல்களை இழுக்கின்றன. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடு நடப்பது ஓரிடம், தண்ணீர் ஏறுவது இன்னோரிடம், நடுவில் வடம்.

அந்த வடங்கள் எல்லாம் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியாக நுழைந்தாக வேண்டும். எட்டுச் சிறிய எலும்புகள் கிண்ணம் போல வளைந்து நிற்க, மேலே ஒரு தடித்த பட்டை மூடியாக இருக்கிறது. இந்தக் குகையைத்தான் மருத்துவர்கள் கார்ப்பல் டனல் என்கிறார்கள். ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற ஒரே ஒரு நரம்பும் இதற்குள் போகின்றன. தொப்பூர் கணவாயில் ஒன்பது லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட டூவீலரின் நிலைமைதான் அந்த நரம்புக்கு. எலும்பும் விலகாது, பட்டையும் விரியாது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். இந்த நோய்க்குக் கார்ப்பல் டனல் சின்ட்ரோம் என்று பெயர்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது இந்த மீடியன் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மீதிப் பாதிக்கும் அல்நார் என்ற வேறு நரம்பு போகிறது. அது இந்தக் குகைக்குள் நுழையாமல் வெளியே போய்விடுகிறது. சின்னம்மாவின் சுண்டுவிரல் தப்பியது அப்படித்தான். மோதிர விரலில் ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் நன்றாக இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். மாறாக, மரத்துப்போவது சுண்டுவிரல் என்றால் பெரும்பாலும் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும், கழுத்திலிருந்தும் வரலாம்.

அப்புறம், ஏன் ராத்திரியில்? 1981இல் அமெரிக்காவில் கெல்பர்மன் குழுவினர் இந்தக் குகைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயில்லாதவர்களுக்குச் சராசரியாக 2.5 மி.மீ. பாதரசம், நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கியதும் நோயில்லாதவர்களுக்கே 31 ஆனது, நோயாளிகளுக்கு 94க்குப் போனது. தூக்கத்தில் நாம் கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். படுத்தபின் காலில் தேங்கிய நீரும் உடம்பெங்கும் பரவுகிறது. அழுத்தம் ஏறுகிறது, நரம்புக்கு ரத்தம் குறைகிறது, விழிப்பு வருகிறது. ரத்த ஓட்டம் என்று சொன்னவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை, இடம்தான் மாறிவிட்டது. கையை உதறினால் சுகமாக இருக்கிறது என்று சொல்வதே மருத்துவருக்கு ஒரு தடயம்.

பகலில் நடப்பதும் இந்தக் கோணத்தின் கதைதான். மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க வளைத்து வைத்துக்கொண்டு கையை இறுக்கி மூடிப் பாருங்கள், முடியாது. வடம் தளர்ந்துவிடுகிறது. மடங்கிய மணிக்கட்டோடு அதே இறுக்கத்தில் பிடிக்கத் தசை கூடுதலாக இழுக்க வேண்டும். தரையில் குந்தி, தாழ்ந்த கல்லின் மேல், மெல்லிய தடியைக் கிள்ளிப் பிடித்துத் தட்டும்போது ஒவ்வொரு தட்டிலும் இது நடக்கிறது. பழியை எல்லாம் வேலையின் மேல் போடவும் முடியாது. பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம். கர்ப்ப காலம், சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கூடுதல் எடை எல்லாம் இதற்கு வழிவிடும்.

எல்லாக் கைவலியும் இதுவல்ல. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் சுரீர் என்று வலித்தால் அது வேறு குழாய், வேறு தசைநாண். 1895இல் சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வான் விவரித்தது. கைக்குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கு அடிக்கடி வரும். குழந்தையின் பிட்டத்துக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினாலே அந்த இடத்துக்குப் பாரம் குறையும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் துளைபோடுபவர்களின் சங்கதி இன்னொன்று. 1918இல் அமெரிக்காவின் இண்டியானாவில் சுண்ணாம்புக்கல் செதுக்குபவர்களை ஆராய்ந்த ஆலிஸ் ஹாமில்டன், காற்றழுத்தக் கருவியின் அதிர்வால் குளிர் காலையில் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். உளியைப் பிடிக்கும் இடது கைக்குத்தான் அதிகப் பாதிப்பு. விரலின் சின்ன ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வருவது இது. பீடி, சிகரெட் அந்தக் குழாய்களை மேலும் சுருக்கும்.

'கைக்கு ஓய்வு கொடுங்கள்' என்பது மாதச் சம்பளக்காரர்கள் கண்டுபிடித்த அறிவுரை என்று எனக்குத் தோன்றும். கிலோவுக்குக் கூலி வாங்குபவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? கோணத்தை மாற்றுவதற்குக் கூலி குறையாது. சின்னம்மாவுக்குக் கல்லை ஒரு பலகைமேல் ஏற்றி, குந்துவதற்குப் பதில் முக்காலியில் உட்கார வைத்தோம். தடியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினோம்; பிடி தடிமனானால் விரல் இறுக்க வேண்டியது குறையும். தட்டுவதையும் நாரெடுப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தால் ஒரே தசைநாண் நாள் முழுக்க உரசாது.

மருந்துக்கடையில் உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை கிடைக்கும். அதை இரவில் கட்டிக்கொள்ள வேண்டும். வேலை செய்யும்போது கட்டித் தூங்கும்போது கழற்றி வைப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மணிக்கட்டு நேராக நிற்க வேண்டும், மேல்நோக்கி வளைந்திருக்கக் கூடாது. இறுக்கிக் கட்டினால் வெளியிலிருந்து நாமே நசுக்குகிறோம் என்று அர்த்தம்.

சில வாரங்களில் குறையவில்லை என்றாலோ, பகலிலும் மரத்திருந்தாலோ, டம்ளர் கைநழுவினாலோ எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில மாதங்கள் கைகொடுக்கும். அதுவும் போதாதபோது குகையின் மூடியாக இருக்கும் அந்தத் தடித்த பட்டையை வெட்டி இடம் விடுவார்கள்; கையை மட்டும் மரக்கவைத்துச் செய்கிற சின்ன அறுவை. ஆனால் கட்டைவிரலின் அடியிலுள்ள மேட்டுச் சதை வற்றிப்போகும்வரை காத்திருந்தால், மரப்பு போனாலும் அந்தச் சதை முழுக்கத் திரும்பாமல் போகலாம். சின்னம்மாவின் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மேடு சமமாகத்தான் இருந்தது. இந்தப் பங்குனியிலும் புளி தட்டினார். பட்டையோடு தூங்குவதுதான் புழுக்கமாக இருக்கிறதாம்.