காய்ச்சல் இறங்கிய பிறகு பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

அவர் கையில் ஒரு சிறிய நோட்டு இருந்தது. மனைவியின் காய்ச்சலை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து, கோடு போட்ட கட்டங்களில் எழுதி வைத்திருந்தார். 103, 102.4, 103.2, 101.8 என்று ஃபாரன்ஹீட்டில் நான்கு நாள் வரிசை. ஐந்தாம் நாள் காலை 98.2. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்.

“காய்ச்சல் விட்டுவிட்டது டாக்டர். வயிறு மட்டும் வலிக்கிறது என்கிறாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அதற்கு மருந்து கொடுத்தால் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.”

அந்தப் பெண்ணின் பாதத்தைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நான் ஐந்து வரை எண்ணினேன். நாடி 124. ரத்த அழுத்தம் 96/80. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய பயம் தோன்றாது. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த இடைவெளி வெறும் 16. டெங்குவில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை. வட்டமிட்ட அந்த 98.2, நோயின் மிக ஆபத்தான நாளின் தொடக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தீவிரமான வைரஸ் நோயோடு வருகிறவர்களின் குடும்பத்தார் முதலில் கேட்பது “காய்ச்சல் எவ்வளவு?” என்றுதான். அந்தக் கேள்வி தவறில்லை. கிடைக்கும் எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு நிம்மதி அடைவதுதான் உயிரை வாங்குகிறது.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வெப்பநிலை இறங்கும். ரத்தத்தில் வைரஸும் அப்போது குறைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் வைரஸை எதிர்த்துக் கிளம்பிய உடலின் தற்காப்பு, நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. சிலருக்கு மட்டுமே இது கடுமையாகும். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். தட்டணுக்களின் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். நான் அதோடு சேர்த்து ரத்தத்தின் அடர்த்தியை, அதாவது ஹீமட்டோகிரிட் அளவைப் பார்ப்பேன். தட்டணுக்கள் சரியும்போது அது ஏறினால் நீர் வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெண்ணுக்கு அது 50-ஐத் தாண்டியிருந்தது.

காய்ச்சல் விட்ட நாளில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தலைசுற்றல், காரணமில்லாத அமைதியின்மை, அசதியில் கண் திறக்காமல் கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். உண்மையில் தேறுகிறவர்களுக்குக் காய்ச்சல் இறங்கும்போதே முகம் தெளியும், பசி எடுக்கும், கைகால் வெதுவெதுப்பாக இருக்கும்.

இன்னொரு வகை நோயாளியை நினைத்தால் எனக்கு அதைவிடக் கவலை. எண்பது வயதை நெருங்கியவர். வீட்டில் இருவருக்கு இன்ஃப்ளூயன்ஸா வந்து போயிருந்தது. இவர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, பேச்சில் குழப்பம். ‘காய்ச்சலே இல்லையே’ என்று காத்திருந்தார்கள். கொண்டுவந்தபோது வெப்பநிலை 35.3 டிகிரி செல்சியஸ், மூச்சு நிமிடத்துக்கு 34. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

முதியவர்களின் இயல்பான வெப்பநிலையே சற்றுக் குறைவாக இருக்கும். நோய் வந்தாலும் அவர்கள் உடல் சூட்டை எளிதில் ஏற்றாது. அதனால் வழக்கமான அளவிலிருந்து ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் ஏறினாலே அவர்களுக்கு அது காய்ச்சல்தான். கடுமையான தொற்றில் 36-க்குக் கீழே இருப்பவர்கள், காய்ச்சலோடு வருகிறவர்களைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2020-இல் நியூயார்க்கில் கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோதும் இதே நிலைதான்: வரும்போதே உடல் குளிர்ந்திருந்தவர்களிடம் இறப்பு கூடுதல், பிறகு வெப்பநிலை மிக உயரத்துக்கு ஏறியவர்களிடமும் கூடுதல். இரு முனைகளிலும் ஆபத்து. ஆனால் குளிர்ச்சி இங்கே ஓர் அடையாளம். உடலின் இருப்பு தீர்ந்துவருகிறது என்ற செய்தி. கம்பளி போர்த்தி எண்ணை உயர்த்திவிட்டால் அந்த இருப்பு திரும்பிவிடாது.

அப்படியானால் காய்ச்சல் நல்லதா? மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, தொற்றைக் கண்ட வெள்ளணுக்கள் அனுப்பும் செய்தியை ஏற்று, வேண்டுமென்றேதான் சூட்டை உயர்த்துகிறது. 1975-இல் மாத்யூ குளூகர் குழுவினர் பாலைவன இகுவானா பல்லிகளுக்குப் பாக்டீரியா தொற்றை ஏற்படுத்தி வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தபோது, சூடான இடத்தில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. போலியோ வைரஸ் காய்ச்சல் வெப்பநிலையில் சரியாகப் பெருகுவதில்லை என்பதை பிரெஞ்சு அறிவியலாளர் ஆந்த்ரே ல்வோஃப் அதற்கும் முன்பே காட்டியிருந்தார்.

இந்தக் காவலுக்குக் கூலி உண்டு. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். இதயம் நிமிடத்துக்குப் பத்து முறை வரை கூடுதலாகத் துடிக்கும். திடமான இருபது வயதுக்காரர் இதைத் தாங்குவார். நுரையீரல் இரண்டும் வீங்கி, செயற்கை சுவாசத்தில் கிடப்பவருக்கு 40 டிகிரி என்பது தாங்க முடியாத செலவு.

2015-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், தொற்றும் காய்ச்சலும் இருந்த 700 பேரிடம் பாராசிட்டமாலையும் வெற்று மருந்தையும் ஒப்பிட்டார்கள். தீவிர சிகிச்சை இல்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. காய்ச்சலைக் குறைப்பதால் நோய் குறைந்துவிடுவதில்லை. குறைத்ததால் கெடுதலும் நேரவில்லை. அதனால் நான் எண்ணுக்காக மருந்து கொடுப்பதில்லை. தலைவலியும் உடல்வலியும் படுத்தும்போது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவளும்போது, இதயமோ நுரையீரலோ மூளையோ பலவீனமாக இருக்கும்போது கொடுக்கிறேன். 41 டிகிரியைத் தாண்டினால் கதை வேறு. அங்கே உடனே குளிர்விக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாராசிட்டமால் போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்த அளவு மருந்தின் அளவு, நோயின் அளவு அல்ல. மருந்து கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் மறைந்தே இருக்கும். நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி வியர்வையாலும் விசிறிக் காற்றாலும் ஏமாறும். சந்தேகம் இருந்தால் நாக்கின் அடியில் வைத்துப் பாருங்கள். பனிக்கட்டி நீரில் துடைக்காதீர்கள்: தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, நடுக்கம் வந்து, உள்சூடு இன்னும் ஏறும். டெங்கு சந்தேகம் உள்ளவரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் இரண்டும் வேண்டாம்; ரத்தக்கசிவைத் தூண்டும். வைரஸ் காய்ச்சல் உள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதும் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறியோடு அதற்குத் தொடர்பு உண்டு.

அந்தப் பெண்ணுக்கு உடனே நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நாடி, அழுத்தம், சிறுநீர். சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஹீமட்டோகிரிட். உப்புநீரைக் குறைத்தால் அதிர்ச்சி, கூட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு இரவுகள் அப்படியே போயின. கணவர் சும்மா இருக்கவில்லை. நோட்டில் காய்ச்சலுக்குப் பக்கத்தில் புதிதாக மூன்று கட்டங்கள் போட்டார்: குடித்தது, சிறுநீர் போனது, பாதம் சூடா குளிர்ச்சியா.

ஏழாம் நாள் காலை அவள் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். கால்களில் சிவப்புத் தடிப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். கணவர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். டெங்கு தேறும்போது வரும் தடிப்பு அது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். பாதம் என்ற கட்டத்தில் முந்தைய மாலையிலிருந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார்: சூடு, சூடு, சூடு.