மறைத்தது அழிந்ததாகாது: லேயர், மாஸ்க் பற்றி ஒரு ஸ்டூடியோக்காரனின் அனுபவம்

போன மாதம் கடைக்கு ஒருவர் வந்தார். வாடகை வீட்டுக்கு ஆதார் நகல் கேட்டிருக்கிறார்கள், ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார். போனில் இருந்த படத்தில் ஆதார் எண்ணின் மேல் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தார். "யாருக்கு அனுப்பினாலும் நம்பரை அடிச்சிட்டுத்தான் சார் அனுப்புவேன்" என்று சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமை. கேபிள் போட்டுப் படத்தை எடுத்தேன். ஃபோட்டோஷாப்பில் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் வெள்ளை முனையை இடது பக்கம் இழுத்தேன். கறுப்புப் பட்டைக்குள்ளிருந்து 12 இலக்கமும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். போனில் கோடு இழுக்க இரண்டு மூன்று முனைகள் கொடுத்திருப்பார்கள். பட்டையாக இருக்கிறதே என்று பலரும் ஹைலைட்டரை எடுக்கிறார்கள். அது ஒளி புகும் மை. நாலைந்து தடவை தேய்த்தால் கண்ணுக்குக் கறுப்பாகிவிடும். ஆனால் எழுத்து இருந்த இடத்துக்கும் வெறும் காகிதம் இருந்த இடத்துக்கும் கொஞ்சமாவது வித்தியாசம் மிச்சமிருக்கும். நம் கண்ணுக்கு எட்டாத அந்த வித்தியாசத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து வந்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மறைத்தாலும் அடியில் மிச்சமிருக்கும் இதே குணத்தை வைத்துத்தான் நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சோறு சாப்பிடுகிறேன். கோயிலில் சாமிக்குச் சந்தனக் காப்பு சாத்துகிறார்கள், முகமே மாறிவிடுகிறது. காப்பைக் களைந்து அபிஷேகம் செய்தால் மூலவர் பழையபடி நிற்கிறார். ஃபோட்டோஷாப்பில் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவோம், ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். அதன் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க் அந்த ஜாதி. இரேசர் அப்படியில்லை, உளியை எடுத்துச் சிலையிலேயே வைப்பது.

உளி வைத்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிது. ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் மாட்ட வேண்டும். அவருடைய படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, ஏதோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. ஓரத்தில் நிற்கிறார். ஸ்கேன் செய்து, இரேசரை எடுத்துச் சுற்றிலும் இருந்தவர்களை அழித்து, நீல பேக்கிரவுண்ட் போட்டு, ஸ்கேன் செய்த கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். குரூப் போட்டோவையும் அன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. பிரிண்டைப் பார்த்துவிட்டு அவருடைய மகன் கேட்டார்: "ஐயா தோள்ல துண்டு இருக்குமே, எங்க?" பக்கத்தில் நின்றவரின் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துத் துண்டையும் அழித்திருக்கிறேன். மூலப்படமோ அதற்குள் மகனின் அக்கா வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. காரியத்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. வேறொரு படத்திலிருந்து யாருடைய துண்டையோ எடுத்து அவர் தோளில் போட்டேன். அது அவருடைய துண்டு இல்லை என்று அந்த வீட்டு ஆச்சிக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

அதற்கு அப்புறம் நான் இரேசரைத் தொட்டது அபூர்வம்.

சரி, மாஸ்க் என்ன செய்கிறது? லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பெட்டி உட்காருகிறதே, அது தனியாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வழக்கமான 8 பிட் கோப்பில், அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் முழுதாகத் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் தெரியாது, சாம்பல் இருந்தால் அந்த அளவுக்கு மங்கும். கறுப்பு பிரஷ்ஷால் துண்டை மறைத்துவிட்டோமா? எக்ஸ் விசையைத் தட்டினால் நிறம் மாறும், வெள்ளையால் தேய்த்தால் துண்டு திரும்பி வரும். நாளைக்கும் வரும், கோப்பை அப்படியே வைத்திருந்தால் பத்து வருடம் கழித்தும் வரும்.

கம்ப்யூட்டருக்கு முந்திய வித்தை இது. நம் சினிமாவில் இரட்டை வேடம் எடுக்க மாஸ்க் ஷாட் என்று வைத்திருந்தார்கள். லென்ஸின் பாதியை மூடி ஒருமுறை எடுப்பது, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மூடி இன்னொருமுறை எடுப்பது. அச்சுத் தொழிலில் சிவப்புப் பிலிமை பிளேடால் வெட்டி ஒட்டி மறைத்தார்கள். ஃபோட்டோஷாப்பில் மாஸ்க்கைச் சிவப்புத் திரையாகக் காட்டும் வசதி அந்தச் சிவப்புப் பிலிமின் நினைவாக வந்ததுதான். ஆச்சரியம், 1990-ல் ஃபோட்டோஷாப் வெளியானபோது அதில் லேயரே கிடையாது. 1994-ல் மூன்றாவது பதிப்பில்தான் வந்தது. அதுவரை ஒரு தலையை இன்னொரு படத்தில் ஒட்டினால், செலக்‌ஷனை விட்ட அடுத்த நொடி அது கீழே இருக்கும் படத்தோடு கலந்துவிடும்.

கல்யாண ஆல்பம் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மணப்பெண் தலையில் நிறைய மல்லிகைப்பூ, பின்னால் கரும்பச்சைத் திரை. இன்றைய மென்பொருள் ஒரே சொடுக்கில் ஆளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் பூவின் ஓரத்தில் பச்சை அழுக்கு ஒட்டிக்கொண்டு வரும். வெளிர் பேக்கிரவுண்டில் வைத்தால் வாடிப்போன பூ மாதிரி தெரியும். உடனே ஓர நிறத்தைச் சுத்தம் செய்யும் பொத்தானை அமுக்கத் தோன்றும். அந்தப் பொத்தான் மாஸ்க்கைத் திருத்துவதோடு நிற்காது, படத்தின் நிறத்தையே மாற்றும். அதனால்தான் அது முடிவைப் புது லேயரில் கொடுக்கிறது. அதைச் செய்வதென்றாலும் அடியில் இருக்கும் லேயரைத் தூக்கி எறியாதீர்கள். நான் செய்வது வேறு. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரை முழுக்க வரும். பிரஷ்ஷின் கலவையை ஓவர்லேயில் வைத்து, ஓரத்தில் பச்சை ஒட்டிய இடங்களைக் கறுப்பால் லேசாகத் தேய்ப்பேன். ஓவர்லே பிரஷ் முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் தொடாது, நடுவில் திணறும் சாம்பலை மட்டும் தள்ளும். பட்டுச்சேலையின் சரிகை ஓரத்துக்கும் இதே வைத்தியம். காற்றில் பறக்கும் ஒற்றை முடிகளை மட்டும் இப்படி முரட்டுத்தனமாகத் தள்ளக் கூடாது, அந்தச் சாம்பலில்தான் முடியே இருக்கிறது.

ஆல்ட் சொடுக்கு இன்னொன்றுக்கும் உதவும். வேலை முடிந்தது என்று நினைக்கும்போது ஒருமுறை மாஸ்க்கை அப்படிப் பாருங்கள். கறுப்பு வானத்தில் நட்சத்திரம் மாதிரி விட்டுப்போன புள்ளிகள் தெரியும். படத்தில் கண்ணுக்குப் படாதவை பிரிண்டில் பல்லிளிக்கும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பொண்ணைக் கொஞ்சம் கலராக் காட்டுங்க தம்பி" என்று கேட்காத குடும்பம் குறைவு. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது, கையும் கழுத்தும் ஒரு நிறத்திலும் முகம் இன்னொரு நிறத்திலும் நிற்கும் ஆல்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் கேட்பவர் பணம் கொடுப்பவர். நான் படத்தின் மேல் கை வைப்பதில்லை. அடியில் இருக்கும் படத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மாற்றிக் காட்டும் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டு, அதன் மாஸ்க்கைக் கன்ட்ரோல் ஐ தட்டிக் கறுப்பாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் குறைந்த ஃப்ளோவில் வெள்ளை தேய்ப்பேன். ஒருமுறை, மாமியார் வீட்டார் கேட்டபடி ஆல்பத்தை முடித்து வைத்திருந்தேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் மணப்பெண் தனியாக வந்தாள். "அண்ணா, இது நான் மாதிரியே இல்லை" என்றாள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த லேயரைக் காட்டவும் மறைக்கவும் இருக்கும் கண் குறியை அணைத்தேன். அரை மணி நேர வேலை. மாமியார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் ஃபோட்டோஷாப்தான் வேண்டும் என்பதில்லை. ஜிம்ப், க்ரிட்டா இரண்டும் இலவசம், ஃபோட்டோபியா பிரவுசரிலேயே ஓடும். மூன்றிலும் லேயர் மாஸ்க் உண்டு. எதில் செய்தாலும் வேலைக்கோப்பை அதன் சொந்த வடிவத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்குக்கு லேயர் தெரியாது, எல்லாவற்றையும் ஒன்றாக நசுக்கிவிடும். ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது, அந்த எல்லையை முட்டினால் பிஎஸ்பி வடிவம் இருக்கிறது.

வைத்துக்கொள்ளும்போது வரமாக இருப்பது அனுப்பும்போது எப்படித் திரும்பும் என்பதை ஒரு பத்திரிகை வேலையில் கற்றேன். மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ். பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பையே எடுத்து, பெயர்களின் லேயர்களை அணைத்துவிட்டுப் புதுப் பெயர்களைப் போட்டேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பிஎஸ்டியை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே எழுத்துரு திருத்தப் போன பையன் தவறுதலாக ஒரு கண்ணைத் திறந்திருக்கிறான். வந்தவர் கையில் கொடுத்த நூறு பத்திரிகையிலும் தாய்மாமன் இடத்தில் இரண்டு தாய்மாமன்கள், அதில் ஒருவர் வேறு சாதி, வேறு ஊர், கீழே அவருடைய போன் நம்பர். மறுபடி அடித்துக் கொடுத்தது என் செலவில். பணம் போனதைவிட, அந்தப் பழைய குடும்பத்தின் விவரத்தை நான் யார் கையிலோ கொடுத்திருக்கிறேன் என்பதுதான் பின்னால் உறைத்தது. இப்போது வெளியே போகும் கோப்பு எதுவானாலும் நகல் எடுத்து, அணைத்த லேயர்களை நீக்கி, மீதியை ஒரே லேயராக ஃபிளாட்டன் செய்துதான் போகும்.

நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விமான நிலையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பு 2009-ல் ஒரு சோதனைக் கையேட்டைப் பிடிஎஃப்பாக இணையத்தில் வெளியிட்டது. ரகசியப் பகுதிகள்மேல் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருந்தது, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் முழுதாக வந்தது. பத்து வருடம் கழித்து, 2019 ஜனவரியில், டிரம்ப்பின் தேர்தல் பிரசார மேலாளராக இருந்த பால் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்திலும் இதே கதை.

கட்டம் போடாமல் வெட்டி எடுத்தாலும் நிச்சயமில்லை. 2023-ல் கூகுள் பிக்சல் போன்களில் ஸ்க்ரீன்ஷாட்டைத் திருத்தும் மார்க்கப் கருவியில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தார்கள். ஸ்க்ரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், சின்னப் படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டு வாலைக் கத்தரிக்காமல் விட்டுவிடும். வெட்டி எறிந்த பகுதியில் பெரும்பங்கை அந்த வாலிலிருந்து மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே ஓட்டை இருந்தது. இரண்டையும் அடைத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்பு அனுப்பிய படங்கள் அங்கங்கே கிடக்கின்றன. வேர்ட் கோப்புக்குள் வைத்து வெட்டிய படமும் உள்ளே முழுதாகத்தான் இருக்கும், வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் போகும். ஃபோட்டோஷாப்பின் கிராப் கருவியிலும் அப்படி ஒரு டிக் பெட்டி மேலே இருக்கிறது. பிஎன்ஜி இன்னும் கள்ளம்: மாஸ்க் போட்டு ஒளிபுகும்படி ஆக்கிய இடத்தில் பழைய நிறம் கோப்புக்குள் தங்கியிருக்கலாம். ஜிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது, ஒளிபுகும் புள்ளிகளின் நிறத்தைச் சேமிக்கவா என்று கேட்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

முகத்தைக் கலைத்துச் சுழற்றிவிட்டால் போதும் என்று நம்பிய ஒரு குற்றவாளியை 2007-ல் இன்டர்போல் தேட, தாய்லாந்து போலீஸ் பிடித்தது. சுழற்றியதை ஜெர்மன் போலீஸ் எதிர்த்திசையில் சுழற்றிவிட்டது. எண்களின் மேல் மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக்குவதும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. 0 முதல் 9 வரை பத்தே இலக்கம்தானே, ஒவ்வொன்றாகப் போட்டு மங்கலாக்கி ஒப்பிட்டுப் பார்த்தால் ஆயிற்று.

ஆதார்காரரிடம் வருவோம். அவருக்கு நான் செய்து காட்டியது ரொம்பச் சாதாரணம். ஹைலைட்டரை விட்டுவிட்டு, உள்ளே நிறம் நிரப்பிய செவ்வகத்தை எண்ணின் மேல் வைத்து, அந்தத் திரையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதை மட்டும் அனுப்பச் சொன்னேன். க்யூஆர் கட்டத்தையும் மூடச் சொன்னேன். அவருடையது பழைய அட்டை. பழைய அட்டைகளின் க்யூஆருக்குள் முழு எண்ணும் எழுத்தாகவே இருக்கும், எண்ணை அடித்துவிட்டு அதை விட்டால் பூட்டைப் போட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. அப்புறம், இவ்வளவு பாடும் தேவையில்லை, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, இறக்கி, அதையே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

காசை எடுத்து வைத்தவர் எழுந்திருக்கவில்லை. போனைத் திறந்து வாட்ஸ்அப்பை மேலே தள்ளிக்கொண்டே போனார். வீட்டு புரோக்கர், லோன் ஏஜென்ட், கேஸ் இணைப்புக்கு வந்த பையன், பழைய கம்பெனி ஹெச்ஆர். "பதினஞ்சு பேர் இருக்கும் சார்" என்றார். அனுப்பியதைத் திரும்ப வாங்க என்னிடம் வழியில்லை. கைரேகையை ஆன்லைனில் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது என்று சொன்னேன். பேரனை விட்டுச் செய்யச் சொல்கிறேன் என்று எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, என் திரையில் இன்னும் திறந்திருந்த அவருடைய படத்தைக் காட்டினார். "அதை அழிச்சிடுங்க சார்." அவர் கண் முன்னாலேயே மூடி, டெலீட் செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.